குளிர்காற்றிலிருந்து இறைக்கும் சூடு

கடந்த ஜனவரியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அம்மா, ஒஸ்லோவில் எங்கள் வீட்டின் பின்புறம் நின்று, சுவரோரம் வெப்பப் பம்புப் பெட்டியில் சுழன்றுகொண்டிருந்த பெரிய விசிறியின் முன் கையை நீட்டிப் பார்த்தார். வெளியே மைனஸ் 12 டிகிரி. கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டு, "இதிலிருந்து குளிர்காற்றல்லவா வருகிறது, தம்பி? இதுவா வீட்டைச் சூடாக்குகிறது?" என்று கேட்டார்.

அவர் கேட்டதிலேயே பதிலும் இருந்தது. பெட்டியின் பின்பக்கம் நுழைவது மைனஸ் 12 டிகிரிக் காற்று. முன்பக்கம் வெளியேறுவது அதைவிட மூன்று நான்கு டிகிரி குளிர்ந்த காற்று. இடையில் பறிபோன சூடுதான், உள்ளே ஓடும் சுடுதண்ணீரால் வரவேற்பறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குள் போய்க்கொண்டிருந்தது. விசிறிக் காற்று வெளிக்காற்றைவிடக் குளிர்ந்து வந்தால், இயந்திரம் ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள்.

மைனஸ் 12-இல் சூடு ஏது என்று தோன்றலாம். நமக்குக் குளிர்கிறது என்பதற்காகக் காற்றில் வெப்பமே இல்லை என்றாகிவிடாது. வெப்பம் முற்றாக ஒழியும் இடம் மைனஸ் 273 டிகிரி. அங்கிருந்து எண்ணினால் மைனஸ் 12 என்பது 261 டிகிரி உயரம். வெப்பம் நிறையவே இருக்கிறது. தாழ்ந்த நிலையில் இருப்பதால் தானாக வீட்டுக்குள் ஏறி வராது, அவ்வளவுதான். அதை மேலேற்றத்தான் பம்பு.

கல்யாணச் சமையலில் பெரிய அடுப்பு நெடுநேரம் எரியும்போது கேஸ் சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இதன் பாதி ரகசியம் தெரியும். சிலிண்டரின் கீழ்ப்பாதி சில்லிட்டு, வெளியே நீர் முத்து முத்தாகப் பூத்திருக்கும். சில வேளை வெண்பனிகூடப் படிந்திருக்கும். உள்ளே திரவமாக இருக்கும் வாயு கொதித்து ஆவியாகிறது. கொதிக்க வேண்டிய சூட்டைச் சுற்றியிருக்கும் இரும்பிடமிருந்தும் காற்றிடமிருந்தும் வாங்கிக்கொள்கிறது. அந்தச் சிலிண்டரில் இருக்கும் வாயுக்களில் ஒன்று புரொப்பேன். சாதாரணக் காற்றழுத்தத்தில் அது மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்றைய புதிய வெப்பப் பம்புகள் பலவற்றினுள் சுற்றிக்கொண்டிருப்பதும் அதே புரொப்பேன்தான். அதன் கண்ணுக்கு ஒஸ்லோவின் ஜனவரிக் காற்று நல்ல அடுப்பு.

மற்றப் பாதி ரகசியம் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பில் இருக்கிறது. நாலு இழுப்பு வேகமாக அடித்தால் அதன் அடிப்பகுதி கையைச் சுடும். வாயுவை நெருக்கினால் அது சூடேறும். வெப்பப் பம்பின் கம்ப்ரசர் செய்வதும் இதையேதான். வெளியே குளிர்காற்றில் கொதித்து ஆவியான புரொப்பேனை அது அழுத்த, ஆவியின் சூடு 60, 70 டிகிரிக்கு ஏறுகிறது. அந்த ஆவி ரேடியேட்டர் தண்ணீருக்குத் தன் சூட்டைக் கொடுத்துவிட்டு மீண்டும் திரவமாகிறது. பிறகு ஒரு சிறிய வால்வின் இடுக்கு வழியே பாய்கையில் அழுத்தம் விழுந்து கடுங்குளிராகி, மறுபடி வெளிக்காற்றிடம் சூடு வாங்கப் போகிறது. குளிர்சாதனப் பெட்டியும் இப்படித்தான் இயங்குகிறது. உள்ளே இருக்கும் பாலிடமிருந்தும் மீனிடமிருந்தும் எடுத்த சூட்டை அது சமையலறைக்குள் கொட்டுகிறது. வெப்பப் பம்பு வெளியுலகத்தைக் குளிரவைத்து, அந்தச் சூட்டை வீட்டுக்குள் கொட்டுகிறது.

இது புதுப்புனைவும் அல்ல. 1850-களில் ஆஸ்திரியாவின் எபன்சே உப்பாலையில் பீட்டர் ரிட்டிங்கர் உப்புநீரைக் காய்ச்ச இதே தத்துவத்தைக் கையாண்டார். சூரிச் நகர மண்டபம் 1938-இலேயே லிம்மாத் ஆற்றுநீரிலிருந்து சூடு எடுத்துக்கொண்டது.

அம்மாவுக்கு நான் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் துலாவைச் சொல்லி விளக்கினேன். ஊரில் எங்கள் கிணற்றில் மாரிக்காலத்தில் தண்ணீர் மேலே நிற்கும். இரண்டு மிதி மிதித்தால் தண்ணீர் மொள்ளும் பட்டை நிறைந்து வரும். பங்குனி, சித்திரையில் தண்ணீர் அடியில் கிடக்கும். அதே பட்டைத் தண்ணீருக்கு இரட்டிப்பு வேலை. தண்ணீரை நாம் உண்டாக்குவதில்லை, உயர்த்துகிறோம். உயரம் கூடக் கூடத்தான் உடம்பு நோகும். வெப்பப் பம்பில் கிணற்றின் ஆழம் என்பது வெளிக்குளிர்; இறைத்து ஊற்றும் தொட்டியின் உயரம் என்பது ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூடு. இரண்டுக்கும் உள்ள இடைவெளியே மின்கட்டணத்தைத் தீர்மானிக்கிறது.

இந்த இடைவெளிக்குக் கணக்கு வகுக்க வழிகாட்டியவர் பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ, 1824-இல். வெளியே மைனஸ் 7 டிகிரி, தண்ணீருக்குத் தேவை 35 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இயற்கை அனுமதிக்கும் உச்சவரம்பு: ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 7.3 யூனிட் வெப்பம். தண்ணீர் 55 டிகிரியில் வேண்டுமென்றால் அந்த வரம்பு 5.3 ஆகக் குறைகிறது. உண்மையான இயந்திரங்கள் உராய்விலும் கசிவிலும் இழந்து, இந்த வரம்பில் ஐந்தில் இரண்டு பங்கிலிருந்து பாதிவரைதான் எட்டுகின்றன. ஐந்தில் இரண்டு என்றே கொண்டால் 35 டிகிரித் தண்ணீருக்கு 2.9; 55 டிகிரித் தண்ணீருக்கு 2.1. ஒரு நாளைக்கு 60 யூனிட் வெப்பம் கேட்கும் வீட்டில் முதலாவதற்கு 21 யூனிட் மின்சாரம் போதும். இரண்டாவதற்கு 29 வேண்டும். இயந்திரம் ஒன்று, குளிர் ஒன்று. மாறியது தண்ணீரின் சூடு மட்டுமே.

ஆகவே, எந்த வெப்பப் பம்பை வாங்கலாம் என்று யாராவது கேட்டால், உங்கள் வீட்டுக்கு எத்தனை டிகிரித் தண்ணீர் வேண்டும் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். பெட்டியின் பெயரும் விலையும் அதற்குப் பிறகு வரவேண்டியவை.

நான் இதைச் செலவு செய்துதான் கற்றேன். எங்கள் வீடு 1960-களில் கட்டிய மரவீடு. நிலவறையில் எண்ணெய்க் கொதிகலன், தோட்டத்து மண்ணுக்கடியில் எண்ணெய்த் தொட்டி. 2020 ஜனவரி முதல் நார்வேயில் கட்டடங்களைக் கனிம எண்ணெய் எரித்துச் சூடாக்கத் தடை. கொதிகலன் இருந்த இடத்துக்குக் காற்றிலிருந்து தண்ணீருக்குச் சூடேற்றும் வெப்பப் பம்பு வந்தது. முதல் குளிர்காலத்து மின்கட்டணத்தைப் பார்த்து நான் திகைத்துப் போனேன். இயந்திரத்தில் குற்றம் இல்லை. பொருத்தியவர் பழைய கொதிகலனின் வழக்கப்படி தண்ணீரை 60 டிகிரிக்கு வைத்துவிட்டுப் போயிருந்தார். பம்பு மூச்சு வாங்க, உள்ளே துணைக்கு இருக்கும் சாதாரண மின்கம்பிச் சூடேற்றி அடிக்கடி எரிந்துகொண்டிருந்தது. அது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம் மட்டுமே தரும்.

ஒரு குறிப்பேடும் ஒரு வெப்பமானியும் எடுத்துக்கொண்டேன். இரண்டு நாளுக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் சூட்டைக் குறைத்துக்கொண்டே வந்தேன். 57, 54, 50. அறைகள் 21 டிகிரியிலேயே நின்றன. 46-இல் வடக்கு மூலைப் படுக்கையறை குளிர ஆரம்பித்தது. அந்த ஓர் அறைக்கு அகலமான ரேடியேட்டர் மாட்டினோம், மேற்கூரைக்கடியில் வெப்பக் காப்புப் பஞ்சை இரட்டித்தோம், கதவிடுக்குகளை அடைத்தோம். இப்போது கடுங்குளிர் நாளிலும் 42 டிகிரி போதுமாக இருக்கிறது. தண்ணீரின் சூட்டில் ஒரு டிகிரி குறைத்தால் ஏறத்தாழ இரண்டரை விழுக்காடு மின்சாரம் மிஞ்சும் என்று இத்துறையில் சொல்வார்கள். பதினெட்டு டிகிரி குறைத்த எனக்கு அந்தக் கணக்கில் சந்தேகம் இல்லை.

ரேடியேட்டர் பெரிதானால் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கலாம்? சூடு பரவும் பரப்பு கூடுகிறது. தரைக்கடியில் குழாய் பதித்த வீட்டில் தரை முழுவதுமே ரேடியேட்டர். அங்கே 30, 35 டிகிரித் தண்ணீரே வீட்டை இதமாக வைத்திருக்கும். புது வீடு கட்டுபவர்கள் தரைச்சூட்டையும் வெப்பப் பம்பையும் சேர்த்தே திட்டமிடுவது இதனால்தான்.

அடுத்தது அளவு. பெரியதாக வாங்கினால் பாதுகாப்பு என்று நினைப்பது இயல்பு. விற்பவரும் அதையே சொல்வார். எனக்கு 14 கிலோவாட் இயந்திரம் பரிந்துரைக்கப்பட்டது. வீட்டின் முந்தைய உரிமையாளர் ஆண்டுக்கு 2,500 லிட்டர் எண்ணெய் எரித்ததாகச் சொல்லியிருந்தார். ஒரு லிட்டரில் ஏறத்தாழ 10 யூனிட் சக்தி. பழைய கொதிகலன் ஐந்தில் ஒரு பங்கைப் புகைபோக்கி வழியே விட்டிருக்கும். வீட்டுக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 20,000 யூனிட். இதிலிருந்து மிகக் குளிர்ந்த நாளின் தேவையைக் கணித்தால் எட்டு கிலோவாட்டைச் சுற்றித்தான் வந்தது. கூரைக்குக் காப்பிட்டால் இன்னும் குறையும். ஆறு கிலோவாட் வாங்கினேன். மிகப் பெரிய இயந்திரம் இதமான நாட்களில் ஐந்து நிமிடம் ஓடி, நின்று, மறுபடி ஓடும். அப்படித் துள்ளித் துள்ளி ஓடுவதில் மின்சாரமும் வீண், கம்ப்ரசரின் ஆயுளும் குறையும். சற்றுச் சிறிய இயந்திரம் நாள் முழுவதும் நிதானமாக ஓடும். உச்சத் தேவையில் அறுபது எழுபது விழுக்காட்டுக்கு வாங்கினாலே ஆண்டு முழுவதுக்குமான வெப்பத்தில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் அது கொடுத்துவிடும், ஏனென்றால் உச்சக்குளிர் சில நாள் விருந்தாளி. அந்தச் சில நாளுக்குத் துணைச் சூடேற்றி போதும்.

தகவல் தாளைப் படிக்கும்போது ஓர் இடத்தில் கண்ணை நிறுத்துங்கள். ஐரோப்பாவில் இந்த இயந்திரங்களின் ஆண்டுச் செயல்திறன் மூன்று தட்பவெப்பங்களுக்குத் தனித்தனியே கணக்கிடப்படுகிறது. மிதமானதற்கு அளவுகோல் ஸ்ட்ராஸ்பூர்க், குளிருக்கு ஹெல்சிங்கி, வெப்பத்துக்கு ஏதென்ஸ். விளம்பரத்தில் பெரிதாக அச்சாவது பெரும்பாலும் ஸ்ட்ராஸ்பூர்க் எண். ஒஸ்லோவில் இருப்பவர் ஹெல்சிங்கி எண்ணைத்தான் கேட்டு வாங்க வேண்டும். அதேபோல "ஆறு கிலோவாட்" என்பது எந்தக் குளிரில் என்றும் கேளுங்கள். பிளஸ் 7 டிகிரியில் ஆறு தருவது மைனஸ் 15-இல் எவ்வளவு தரும் என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

நார்வே வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு இவ்வளவு கணக்கும் தேவைப்படுவதில்லை. இங்கே ரேடியேட்டர் குழாய் ஓடும் வீடுகள் குறைவு. மலிவான நீர்மின்சாரத்தை நம்பிச் சுவரில் மின்சூடேற்றிகளை மாட்டியே பழகியவர்கள். 2002-03 குளிர்காலத்தில் மழை பொய்த்து மின்விலை எகிறியபோதுதான் மக்கள் வெப்பப் பம்புக்குத் திரும்பினார்கள். அரசும் மானியம் கொடுத்தது. இப்போது ஏராளமான வீடுகளில் இருக்கிறது. பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்து நேரே அறைக்காற்றுக்குச் சூடு தரும் எளிய வகை, நம்மூர் ஏசியைத் திருப்பி ஓட்டுவது போல. இதில் அறைக்காற்றையே சூடாக்குவதால் தொட்டியின் உயரம் இயல்பிலேயே குறைவு. அறைக் கதவுகளைத் திறந்துவைத்து, வடிகட்டியின் தூசியை மாதம் ஒருமுறை தட்டினால் அது உழைக்கும்.

நிலத்தடி வெப்பம் எடுக்கும் வகைக்குத் தனி மரியாதை உண்டு. பாறைக்குள் நூறு முதல் முந்நூறு மீட்டர்வரை துளையிட்டு, உறையாத திரவத்தைக் குழாயில் சுற்றவிடுகிறார்கள். மேலே மைனஸ் 20 என்றாலும் பாறைக்கு அது தெரியாது. குழாயில் திரும்பும் திரவம் பூச்சியத்தை ஒட்டியே இருக்கும், ஆகவே கிணறு ஒருபோதும் மிக ஆழமாகாது. ஆனால் துளையிடும் செலவு பெரிது. பெரிய வீட்டுக்கோ பல குடும்பங்கள் சேர்ந்த குடியிருப்புக்கோ அது ஈடாகும். நன்றாகக் காப்பிட்ட சிறிய வீட்டுக்கு அந்தப் பணத்தைச் சன்னலிலும் கூரையிலும் போடுவதே மேல் என்பது என் எண்ணம். துளையை ஆழம் குறைத்துச் சிக்கனம் பிடிக்கவும் கூடாது. வெயிலும் நிலமும் திருப்பிக் கொடுப்பதைவிட அதிகமாக உறிஞ்சினால் பாறை ஆண்டுக்கு ஆண்டு குளிர்ந்துகொண்டே போகும்.

பசுமை வீடு என்று சொல்லும்போது மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எழும். நார்வேயில் பெரும்பகுதி நீர்மின்சாரம். ஆனால் எரிவாயுவை எரித்து மின்சாரம் எடுக்கும் நாட்டிலும் கணக்கு இதன் பக்கமே சாய்கிறது. நூறு பங்கு எரிவாயுவை வீட்டுக் கொதிகலனில் எரித்தால் தொண்ணூறு பங்கு வெப்பம். அதே நூறு பங்கை மின்நிலையத்தில் எரித்தால் ஐம்பது பங்கு மின்சாரம். அதை மூன்று மடங்காக்கும் பம்பில் செலுத்தினால் நூற்றைம்பது பங்கு வெப்பம். கம்பியில் இழப்பதைக் கழித்தாலும் மிச்சம் உண்டு.

மறக்கக் கூடாத ஒன்று, உள்ளே சுற்றும் வாயு. பழைய இயந்திரங்களில் இருக்கும் ஆர்-410ஏ ஒரு கிலோ கசிந்தால் 2,088 கிலோ கரியமில வாயு செய்யும் கேட்டைச் செய்யும். இரண்டு கிலோ போனால் நாலு டன்னுக்கு மேல். ஆர்-32 என்றால் கிலோவுக்கு 675. புரொப்பேன் என்றால் மூன்று. அது தீப்பற்றும் பொருள் என்பதால் இயந்திரத்தை வெளியே, சன்னலுக்கும் நிலவறை வாயிலுக்கும் விலகிய இடத்தில் வைக்க வேண்டும். அந்த ஒரு கவனத்துக்காக நான் வேறு வாயுவைத் தேர்ந்திருக்க மாட்டேன்.

குளிர் பூச்சியத்தை ஒட்டி, காற்றில் ஈரமும் சேர்ந்திருக்கும் நாட்களில் வெளிப்பெட்டியின் தகடுகளில் பனி அப்பிக்கொள்ளும். அப்போது இயந்திரம் ஓட்டத்தைத் திருப்பி, வீட்டுச் சூட்டில் கொஞ்சம் கடன் வாங்கிப் பனியை உருக்கும். வெண்ணிற ஆவி குபுகுபுவென்று எழும். முதல் முறை பார்ப்பவர்கள் தீப்பிடித்துவிட்டது என்று பதறுவார்கள். உருகிய தண்ணீர் வடிந்தோட வழி வேண்டும். இல்லாவிட்டால் அடியிலேயே உறைந்து மேடாகி விசிறியைப் பிடித்துவிடும். பெட்டியைப் பனிக்குவியலுக்கு மேலே நிற்கும்படி, மரச்சுவரில் அதிர்வு ஏறாமல் தனிக் கால்களில் நிறுத்துங்கள்.

இன்னும் கொதிகலனோடு இருப்பவர்கள் வருகிற குளிர்காலத்தில் ஒரு காசும் செலவில்லாமல் சோதித்துப் பார்க்கலாம். மிகக் குளிர்ந்த நாளொன்றில் கொதிகலனின் தண்ணீரை 55 டிகிரிக்குக் குறைத்து, எல்லா ரேடியேட்டர்களையும் முழுதாகத் திறந்து, ஓர் இரவு விட்டுப் பாருங்கள். காலையில் வீடு இதமாக இருந்தால் அது வெப்பப் பம்புக்கு ஆயத்தமாக இருக்கிறது. எந்த அறை குளிர்ந்திருக்கிறதோ, வேலையை அந்த அறையில் தொடங்குங்கள்.