நுரையீரலில் எவ்வளவு நீர்? ஆக்சிஜன் எண் சொல்லாத கணக்கு

"நுரையீரல்ல நீர் கோத்திருக்குன்னு சொல்றீங்களே டாக்டர், ஊசி போட்டு எடுத்துட வேண்டியதுதானே?" ஐசியு வாசலில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறைக்குள் நீர் சேர்ந்திருந்தால் அப்படித்தான் எடுக்கிறோம், சில சமயம் ஒரு லிட்டர்கூட வரும், நோயாளிக்கும் அன்றைக்கே மூச்சு கொஞ்சம் இலகுவாகிவிடும். ஆனால் கடும் நிமோனியா, செப்சிஸ் (கிருமித்தொற்றால் உடம்பே நிலைகுலைவது), கணைய அழற்சி, தண்ணீரில் மூழ்கியது, தீப்புகையைச் சுவாசித்தது, வாந்தி மூச்சுக்குழாய்க்குள் இறங்கியது என்று ஏதோ ஒன்றால் நுரையீரலே காயப்படும்போது நீர் சேர்வது உறைக்குள் அல்ல, நுரையீரலின் சதைக்குள்ளேயே. கோடிக்கணக்கான காற்றுப்பைகளிலும் அவற்றின் சுவர்களிலும் ஊறிக் கிடக்கும் அந்த நீரை எந்த ஊசியும் உறிஞ்சாது. சரி, எடுக்கத்தான் முடியாது, அளக்கவாவது முடியுமா? முடியும், ஆனால் சுற்றி வளைத்துத்தான்.

காற்றுப்பைக்கும் ரத்தத்துக்கும் நடுவிலுள்ள சுவர் பல இடங்களில் ஒரு மைக்ரான்கூட இருக்காது. நல்ல நுரையீரலிலும் அதன் வழியே கொஞ்சம் கசியும், நிணநீர்க் குழாய்கள் அதை அள்ளிக்கொண்டு போய்விடும். இதயம் பலவீனமானவர்களுக்கு அழுத்தம் கூடி நீர் கசிகிறது, சுவரில் பெரிய பழுது இருக்காது. காயப்பட்ட நுரையீரலில் சுவரே பழுது, அதனால் நீரோடு புரதமும் சேர்ந்து இறங்கிவிடுகிறது, உள்ளே போன புரதம் லேசில் வெளியேறுவதில்லை. 1967-ல் லான்செட் மருத்துவ இதழில் 12 நோயாளிகளை வைத்து முதன்முதலில் விவரிக்கப்பட்ட இந்த நிலையைத்தான் இன்று ஏஆர்டிஎஸ் (நுரையீரல் காயப்பட்டுத் திடீரென வரும் கடும் மூச்சுத் திணறல்) என்கிறோம். 'நீர் பிரியும் மருந்து போட்டால் சரியாகிவிடும்' என்பது இதய நோயாளிக்குப் பல நேரம் பொருந்தும், இவர்களுக்கு அப்படியே பொருந்தாது.

உறவினர்கள் எல்லோரும் மானிட்டரில் பார்ப்பது ஆக்சிஜன் எண்ணை. நாங்களும் பார்க்கிறோம். ஏஆர்டிஎஸ்ஸுக்கான 2012-ன் பெர்லின் வரையறை நோயின் தீவிரத்தையே ரத்தத்தின் ஆக்சிஜனை வைத்துத்தான் பிரிக்கிறது: தமனி ரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தத்தை, கொடுக்கும் ஆக்சிஜன் விகிதத்தால் வகுத்து, 300-க்குக் கீழே லேசு, 200-க்குக் கீழே நடுத்தரம், 100-க்குக் கீழே கடுமை. ஆனால் அது நீரின் அளவு அல்ல. வென்டிலேட்டரில், மூச்சு வெளியே விட்ட பிறகும் நிற்கும் அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினால் மூடிக்கிடந்த காற்றுப்பைகள் திறக்கும், மானிட்டரில் ஆக்சிஜன் 88 சதவீதத்திலிருந்து 95-க்குப் போகும், வாசலில் நிற்பவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். உள்ளே ஊறிய நீர் ஒரு சொட்டுகூடக் குறையாமல் அப்படியே இருக்கலாம், இடம் மட்டும் மாறியிருக்கும். அதே அழுத்தத்தால் எக்ஸ்ரேயும் 'தெளிந்த' மாதிரி தெரியும். படுத்த நிலையில் எடுத்த எக்ஸ்ரே எப்படியும் தாமதமான சாட்சி, நீர் கணிசமாகக் கூடிய பிறகுதான் வெண்மை தட்டும், ஒரே படத்தை இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகப் படிப்பதும் சகஜம்.

இந்த விஷயத்தில் மிகத் துல்லியமான முறை எது தெரியுமா? நுரையீரலை வெளியே எடுத்து எடை போட்டு, உலர்த்தி மறுபடி எடை போடுவது. உயிரோடு இருப்பவருக்கு அது உதவாது. மற்ற முறைகள் எல்லாமே அதற்கு எவ்வளவு கிட்டே வருகின்றன என்று பார்த்துத்தான் சரிபார்க்கப்பட்டிருக்கின்றன.

படுக்கையருகே எனக்கு மிகவும் கைகொடுப்பது அல்ட்ராசவுண்ட். காற்று இருக்கும் இடத்தில் ஸ்கேன் உதவாது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். பிரான்ஸின் டேனியல் லிச்டென்ஸ்டைன் குழு 1997-ல் அதற்கு நேர்மாறான ஒன்றைக் காட்டியது. விலா எலும்புகளுக்கு நடுவே ஜெல் தடவி ஸ்கேன் கருவியின் முனையை வைத்தால் நுரையீரலின் விளிம்பு ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும், மூச்சுக்கு மூச்சு முன்னும் பின்னும் நகரும். காற்று நிறைந்த நுரையீரலில் அதற்குக் கீழே சம இடைவெளியில் படுக்கைக் கோடுகள் மட்டும். சுவர்களில் நீர் ஏறினால் அந்த விளிம்பிலிருந்து டார்ச் வெளிச்சம் மாதிரி செங்குத்துக் கோடுகள் திரையின் அடிவரை இறங்கி, படுக்கைக் கோடுகளை அழித்துவிடும். இரண்டு விலாக்களுக்கு நடுவே மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் இயல்பில்லை. நீர் இன்னும் ஏற ஏற அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரையே வெளுத்துவிடும்.

நீர் இதயத்தால் வந்ததா காயத்தால் வந்ததா என்பதற்கும் இங்கே துப்பு கிடைக்கும். இதயம் காரணம் என்றால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சீராக இருக்கும், விளிம்பு வழவழப்பாக இருக்கும். காயத்தில் விளிம்பு கரடுமுரடு, ஓரிடம் வெளுப்பு, பக்கத்திலேயே ஓரிடம் பாதிப்பில்லாமல் கிடக்கும். ஆனால் நுரையீரலில் பழைய தழும்பு, நார்த்திசு உள்ளவர்களுக்கும் இதே கோடுகள் வரும், அதனால் பழைய வரலாறு தெரியாமல் கோட்டை மட்டும் எண்ணுவது ஆபத்து. 2023-ல் வந்த ஏஆர்டிஎஸ்ஸின் புதிய உலகளாவிய வரையறை, எக்ஸ்ரே, சிடி ஸ்கேனோடு பயிற்சி பெற்றவர் செய்யும் அல்ட்ராசவுண்டையும் ஏற்றுக்கொண்டது. எக்ஸ்ரே வசதியே சிரமமாக இருக்கும் இடங்களுக்கு அது பெரிய விஷயம்.

மில்லிலிட்டரிலேயே எண் வேண்டும் என்றால் இன்னொரு வழி உண்டு. கழுத்துச் சிரையில் போட்ட குழாய் வழியே 15 மி.லி. அளவு குளிர்ந்த சலைனைச் சட்டென்று செலுத்துவோம். தொடைத் தமனியில் இருக்கும் வெப்ப உணரி அந்தக் குளிர்ச்சி எப்போது, எவ்வளவு வந்து சேர்கிறது என்று பதிவு செய்யும். வழியில் நுரையீரலில் நீர் அதிகமிருந்தால் குளிர்ச்சி அதில் பரவித் தங்கி, தாமதமாக வரும். மூன்று முறை செய்து சராசரி எடுத்தால் ரத்தக்குழாய்க்கு வெளியே உள்ள நீரின் அளவு கிடைக்கும். ஒரு கிலோவுக்கு 3 முதல் 7 மி.லி. வரை இயல்பு, 10-ஐத் தாண்டினால் நிச்சயம் நீர் கோத்திருக்கிறது. நுரையீரலின் ஒரு பகுதிக்கு ரத்த ஓட்டமே அடைபட்டிருந்தால் குளிர்ச்சி அங்கே போகவே போகாது, கருவி குறைத்துக் காட்டிவிடும்.

அந்த 'ஒரு கிலோ' எந்தக் கிலோ என்பதில்தான் சூட்சுமம். உடம்பு பருத்தாலும் நுரையீரல் பெரிதாகாது, அது உயரத்தோடு போவது. அதனால் உயரத்திலிருந்து கணித்த எடையால் வகுக்க வேண்டும். 165 செ.மீ. உயரமுள்ள ஆணுக்கு அது சுமார் 61.5 கிலோ. அவர் நிஜத்தில் 95 கிலோ, நுரையீரல் நீர் 900 மி.லி. என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜ எடையால் வகுத்தால் 9.5, 'அப்படியொன்றும் மோசமில்லை' என்று தோன்றும். சரியாக வகுத்தால் 14.6, கதையே வேறு. வென்டிலேட்டர் ஒவ்வொரு மூச்சிலும் தள்ளும் காற்றின் அளவும் இதே கணித்த எடையில்தான், கிலோவுக்கு 6 மி.லி. என்று போகிறது. உயரத்தில் 10 செ.மீ. பிசகினால் கணக்கில் 9 கிலோ பிசகும். நாங்கள் டேப்பை எடுத்துப் படுக்கையில் தலையிலிருந்து குதிகால் வரை அளப்பதைப் பார்த்து யாரும் பதற வேண்டாம்.

இவ்வளவு கருவி எல்லா இடத்திலும் இருக்காது. எல்லா இடத்திலும் இருக்க வேண்டியது, பல இடங்களில் ஏனோதானோவென்று எழுதப்படுவது, உள்ளே போனது வெளியே வந்தது கணக்கு. சலைன் பாட்டிலை எழுதுவார்கள். மருந்து கலக்கிய 100 மி.லி.யை விட்டுவிடுவார்கள். ஒரு ஆன்டிபயாட்டிக் மூன்று வேளை, இன்னொன்று இரண்டு வேளை என்றால் அரை லிட்டர் கணக்கிலேயே வராது. தினமும் அதே நேரத்தில், அதே போர்வையோடு படுக்கை எடை பார்த்தால் இந்த ஓட்டை தெரிந்துவிடும், ஒரு நாளில் ஏறும் ஒரு கிலோ ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர்தான். எல்லா முறைகளுக்கும் இதே விதி: ஒரு நாள் எண்ணை வைத்து ஒன்றும் சொல்லாதீர்கள், அதே இடத்தில், அதே நிலையில் நேற்று என்ன, இன்று என்ன என்பதைப் பாருங்கள்.

அளந்து என்ன செய்யப் போகிறோம்? 2006-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் இப்படிப்பட்ட 1,000 நோயாளிகள் இருந்தார்கள். தாராளமாக நீர் கொடுத்த குழுவுக்கு ஒரு வாரத்தில் உடம்பில் ஏறத்தாழ 7 லிட்டர் தங்கியது, கட்டுப்படுத்திய குழுவுக்கு அநேகமாக எதுவும் தங்கவில்லை. இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் கட்டுப்படுத்தியவர்கள் வென்டிலேட்டரிலிருந்து சீக்கிரம் விடுபட்டார்கள், சிறுநீரகமும் அதனால் கூடுதலாகக் கெடவில்லை. ரத்த அழுத்தம் விழுந்து கிடக்கும் முதல் மணி நேரங்களுக்கு இது பொருந்தாது, அப்போது நீர் கொடுத்தே ஆக வேண்டும். அந்தக் கட்டம் தாண்டிய பிறகு 'ஒரு பாட்டில் ஏத்துங்க, தெம்பா இருக்கும்' என்று கேட்காதீர்கள். தாகம் என்று சைகை காட்டினால் நர்ஸுக்குத் தெரியாமல் தண்ணீர் கொடுப்பதும் வேண்டாம், வாயை ஈரப்படுத்தச் சொல்லிக் கேளுங்கள், செய்வார்கள்.

நோயாளியின் சரியான உயரம், பழைய எக்ஸ்ரே, முன்பு வந்த நுரையீரல் நோய், சாப்பிட்டுவந்த மருந்துகள், இவற்றைக் கொண்டுவந்தால் எங்கள் வேலை பாதி குறையும்.

அப்புறம், தண்ணீரில் மூழ்கி மீட்கப்பட்டவர், புகைக்குள் மாட்டியவர் முதலில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டுச் சில மணி நேரம் கழித்து மூச்சு வாங்கத் தொடங்கலாம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியை மட்டும் நம்ப வேண்டாம், கருத்த தோலில் அது நிஜத்தைவிடக் கூடுதலாகக் காட்டுவதுண்டு. மார்பு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஓய்வாக இருக்கும் வயதுவந்தவருக்கு 20-க்குள் இருக்க வேண்டியது 25-ஐத் தாண்டினாலோ, இருமல் நிற்காவிட்டாலோ, படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தாலோ காத்திருக்காமல் கிளம்புங்கள். எண்ணியதையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள், அவருடைய சார்ட்டில் முதல் வரியாக அதைத்தான் எழுதுவோம்.