இடமிருந்தும் மறுத்த கெர்னல்

தரமணியில் ஒரு அலுவலகம், மதியம் 3 மணி. ஏற்கெனவே திறந்திருந்த லினக்ஸ் டெர்மினலில் 'எல்எஸ்' தட்டினேன். ஃபைல் பட்டியலுக்குப் பதில் 'ஃபோர்க்: ரிசோர்ஸ் டெம்பரரிலி அன்அவைலபிள்' என்று வந்தது; அதாவது புதிய புராசஸ் (ஓடும் புரோகிராம்) தொடங்க இப்போது வழியில்லை. மெமரி பாதிக்கு மேல் காலி, சிபியு சும்மா கிடந்தது. வேடிக்கை என்னவென்றால், கொடுத்த சொல்லைத் திருப்பிக் காட்டும் 'எக்கோ' மட்டும் வேலை செய்தது. அது, கமாண்டுகளை வாங்கி ஓட்டும் ஷெல்லுக்குள்ளேயே இருப்பது. புதிய புராசஸ் தேவையில்லை. வரம்புகளைக் காட்டும் 'யூலிமிட்'டும் அதே ஜாதிதான். எத்தனை புராசஸ் வரை என்று கேட்டதும் 4096 என்றது.

லினக்ஸில் ஓடுகிற புராசஸ் தன்னைப் பிரதி எடுத்துத்தான் இன்னொன்று பிறக்கும்; இதுதான் ஃபோர்க். அதற்கு முன் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் கணக்குப் பார்க்கும்: இந்த யூசர் பேரில் இப்போது எத்தனை? ரேஷன் கார்டு மாதிரி; கடைக்கு அப்பா போனாலும் பிள்ளை போனாலும் ஒரே கார்டில்தான் கழியும். புராசஸுக்குள் இணையாக ஓடும் திரெட்டும் தலைக்கு ஒன்று. அதே யூசர் பேரில் ஓடிய ஜாவா சர்வீஸ், புராசஸ் பட்டியல் தரும் 'பிஎஸ்'ஸில் ஒரே வரியாகத்தான் தெரியும். ரூட்டாக (நிர்வாகி யூசராக) நுழைந்து திரெட் வாரியாக எண்ணினால் நாலாயிரத்துச் சொச்சம்! ரூட்டுக்கு இந்த வரம்பு கிடையாது.

அப்படியானால் ஜாவா ஏன் தடுமாறவில்லை? ரேஷன் உவமை இங்கே உடைகிறது. எண்ணிக்கைதான் யூசருக்குப் பொது. வரம்பு ஒவ்வொரு புராசஸும் பெற்றோரிடமிருந்து வாங்கி வந்தது. ஜாவாவைக் கிளப்பியது சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி, அது கொடுத்த வரம்பு பெரிசு. என் ஷெல்லுக்கு லாகினில் கிடைத்தது 4096. தன்னையே பிரதி எடுத்துப் பெருகும் ஃபோர்க் பாமுக்குப் பயந்து ரெட்ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7 சாதாரண யூசர்களுக்குப் போட்டே கொடுத்த எண் அது.

அது சாஃப்ட் வரம்பு, அதாவது அப்போது அமலில் இருப்பது. உச்சமான ஹார்ட் வரம்பு வரை யூசரே ஏற்றிக்கொள்ளலாம். அதற்கு மேல் ரூட் வேண்டும். அன்று அந்த ஷெல்லில் 'யூலிமிட்'டால் 8192 ஆக்கியதும் 'எல்எஸ்' வாய் திறந்தது. நிரந்தரமாக ஏற்ற, ஈடிசி-க்குள் செக்யூரிட்டி டைரக்டரியில் உள்ள 'லிமிட்ஸ்.டி' டைரக்டரியின் ஃபைலில், புராசஸ் எண்ணிக்கைக்கான 'என்ப்ராக்' வரியை மாற்றினோம். லாகின் சமயத்தில், அதைக் கவனிக்கும் பேம் இந்த ஃபைலைப் படிப்பதால், வெளியேறி மறுபடி நுழைந்தால்தான் பலிக்கும். பலர் மாட்டிக்கொள்வது இதன் மறுபக்கத்தில்: சிஸ்டம்டி சர்வீஸ் இந்த ஃபைலைச் சீண்டுவதே இல்லை. அதற்கு சர்வீஸின் யூனிட் ஃபைலிலேயே 'லிமிட்என்ப்ராக்' எழுதி, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.