மாஸ்கோ நிருபர்: ‘கரஸ்பாண்டென்ட்’ என்ற சொல் வந்த வழி

கரஸ்பாண்டென்ட் என்றால், தன் பத்திரிகையோ தொலைக்காட்சியோ இருக்கும் ஊரை விட்டு வேறோர் ஊரில் தங்கி, அங்கிருந்து செய்தி எழுதி அனுப்புகிறவர். தமிழில் நிருபர். காலையில் அலுவலகத்திலிருந்து கிளம்பி, கூட்டத்தைப் பார்த்துவிட்டு, மாலையில் திரும்பிவந்து எழுதுகிற ரிப்போர்ட்டர் வேறு. நம் இதழ்கள் இந்த வேறுபாட்டை எப்போதோ கைவிட்டுவிட்டன. மாநகராட்சிக் கூட்டத்துக்குப் போனவரும் நிருபர், மாஸ்கோவில் வீடு எடுத்துத் தங்கியவரும் நிருபர்.

சொல்லின் வேர் லத்தீன். ‘சேர்ந்து’ என்ற முன்னொட்டும் ‘பதில் சொல்’ என்ற வினையும் கூடிப் பிறந்தது. ஒன்றுக்கொன்று ஒத்துப்போவது என்பது முதற்பொருள். அதிலிருந்து, ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொள்பவர் என்ற பொருள் வந்தது. பத்திரிகைகள் வெளியூர்ச் செய்தியைக் கடிதமாக வாங்கி அச்சிட்ட காலத்தில், அந்தக் கடிதத்தை எழுதியவருக்கே இந்தப் பெயர் நிலைத்தது. 1854இல் கிரீமியப் போர்க்களத்திலிருந்து வில்லியம் ஹோவர்டு ரஸ்ஸல் லண்டன் ‘தி டைம்ஸ்’ இதழுக்கு அனுப்பியவை நிஜமாகவே கடிதங்கள்தான். கப்பலேறி, எழுதி வாரங்கள் கழித்தே அச்சுக்கு வந்தன.

தமிழ்நாட்டில் இதே சொல்லுக்கு இன்னொரு பிழைப்பும் உண்டு. தனியார் பள்ளியின் கரஸ்பாண்டென்ட், அதாவது தாளாளர். கல்வித் துறையோடு கடிதப் போக்குவரத்து நடத்துகிறவர் என்பதால் வந்த பெயர் அது. பள்ளி வாசலிலும் பத்திரிகை அலுவலகத்திலும் ஒரே சொல் கிடப்பதற்குக் காரணம் கடிதம்தான்.

நிருபர் என்பதும் கடிதத்திலிருந்து வந்ததே. நிருபம் என்றால் மேலிடத்து எழுத்தாணை, கடிதம். பழைய தமிழ் விவிலியத்தில் பவுல் எழுதியவை நிருபங்கள். நிருபம் எழுதுகிறவர் நிருபர். வடமொழி வழி வந்த சொல் என்றாலும், கரஸ்பாண்டென்டின் உட்பொருளை இவ்வளவு சரியாகப் பிடித்த வேறு சொல் நம்மிடம் இல்லை. பழைய செய்யுளில் ‘நிருபர்’ என்று வந்தால் அரசர்கள் என்று பொருள். அது ‘நிருபன்’ என்ற வேறு சொல்லின் பன்மை. இரண்டையும் முடிச்சுப் போட வேண்டாம்.

ரஷ்யர்கள் கரெஸ்பந்தேன்த் என்பதை அப்படியே எடுத்துக்கொண்டு, சோவியத் கால வழக்கப்படி வெட்டி ஒட்டினார்கள். சோப்கோர் என்பது ‘சொந்த நிருபர்’. நம் பத்திரிகைகளில் செய்தியின் தலையில் போடும் ‘நமது நிருபர்’ அச்சு அசலாக இதுதான். ஸ்பெத்ஸ்கோர் சிறப்பு நிருபர். 1920களில் ஆலையிலிருந்து எழுதிய தொழிலாளி ரப்கோர், கிராமத்திலிருந்து எழுதியவர் செல்கோர். வயென்கோர் என்பது போர் நிருபர். ஆனால் 2022க்குப் பிறகு டெலிகிராமில் போரை ஆதரித்து எழுதுகிற பதிவர்களையும் ரஷ்யாவில் வயென்கோர் என்றே அழைக்கிறார்கள். அவர்களை மேற்கோள் காட்டும்போது ‘போர் நிருபர் ஒருவர் தெரிவித்தார்’ என்று பெயர்த்தால் வாசகர் ஏமாந்துபோவார். ‘போர் ஆதரவு டெலிகிராம் பதிவர்’ என்று விரித்து எழுதுவதே நேர்மை.

வெளிநாட்டு நிருபர் என்ற தொடரில் ‘வெளிநாட்டு’ யாருக்கு? ஆளுக்கா, இதழுக்கா? சென்னையிலிருந்து வரும் ‘தி இந்து’ நாளிதழுக்கு மாஸ்கோவில் நெடுங்காலம் எழுதிய விளாதிமிர் ரத்யூகின் ரஷ்யர். அவர் தன் சொந்த நாட்டில் இருந்துகொண்டே வெளிநாட்டு இதழின் நிருபராக இருந்தார். ஆக இந்தத் தொடரில் நாடு என்பது ஆளின் கடவுச்சீட்டைக் குறிப்பதல்ல. இதழுக்கும் செய்தி நடக்கும் இடத்துக்கும் நடுவே உள்ள எல்லையைக் குறிப்பது.

அந்த எல்லையைத் தாண்ட முதலில் வேண்டியது அக்ரெடிடேஷன், அதாவது அங்கே நிருபராக வேலை பார்க்க அந்நாட்டு அரசு தரும் அனுமதி. ஏற்பிசைவு என்று கலைச்சொல் ஆக்கலாம். செய்திக்கு ‘அங்கீகாரம்’ போதும். ரஷ்யாவில் இதை வழங்குவது வெளியுறவு அமைச்சகம். அடிப்படை 1991ஆம் ஆண்டின் ஊடகச் சட்டம், 55ஆம் பிரிவு. ரஷ்ய நிருபர்களை ஒரு நாடு கட்டுப்படுத்தினால், அந்நாட்டு நிருபர்களைப் பதிலுக்குக் கட்டுப்படுத்த அதே பிரிவு இடம் தருகிறது. மாஸ்கோவில் ஓர் அலுவலகம் திடீரென்று மூடப்படும்போது காரணத்தை அந்த நிருபர் எழுதிய செய்தியில் தேடிப் பயனில்லை. பெரும்பாலும் அது வேறொரு தலைநகரில் இருக்கும். ஜெர்மனியில் ரஷ்ய அரசின் ஆர்டி தொலைக்காட்சி ஒளிபரப்புக்குத் தடை வந்ததும் 2022 பிப்ரவரியில் ஜெர்மானிய ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லவின் மாஸ்கோ அலுவலகம் மூடப்பட்டது. கனடா ஆர்டியைத் தடுத்தபின் அதே ஆண்டு மே மாதம் கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசிக்கும் அதே கதி.

நடைமுறையில் விசாவும் அங்கீகார அட்டையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டவை. அட்டை காலாவதியானால் விசாவுக்கு வழியில்லை. 2022க்குப் பின் ‘நட்பற்ற நாடுகள்’ என்று ரஷ்யா பட்டியலிட்ட நாடுகளின் நிருபர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். அமைச்சக அட்டை இருப்பதால் மட்டும் கிரெம்ளினுக்குள்ளும் நாடாளுமன்றக் கீழவையான தூமாவுக்குள்ளும் போய்விட முடியாது. அவற்றுக்குத் தனித்தனி அனுமதி. அட்டை கவசமும் அல்ல. வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் இவான் கெர்ஷ்கோவிச் முறையான அங்கீகாரத்தோடுதான் வேலை பார்த்தார். 2023 மார்ச் 29 அன்று யெக்காத்தரின்பர்க்கில் உளவுக் குற்றச்சாட்டில் கைதானார்; 2024 ஜூலையில் 16 ஆண்டு தண்டனை; ஆகஸ்ட் 1 அன்று கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலை. அதற்கு முன் இதே குற்றச்சாட்டில் அங்கே அமெரிக்க நிருபர் ஒருவர் கைதானது 1986இல், நிக்கலஸ் தானிலோஃப்.

அனுமதி வைத்திருப்பவருக்கு அதை இழக்கும் பயமும் இருக்கும். 1933 மார்ச்சில் வேல்ஸ்காரரான கேரத் ஜோன்ஸ் உக்ரைனில் ரயிலிலிருந்து இறங்கிக் கிராமம் கிராமமாக நடந்தார். பெர்லினுக்கு வந்தபின் மார்ச் 29 அன்று பஞ்சத்தை உலகுக்குச் சொன்னார். அவரை மறுத்து எழுதியவர் மாஸ்கோவில் நிலையாக இருந்த நியூயார்க் டைம்ஸ் நிருபர் வால்டர் துராண்டி. அதற்கு முந்தைய ஆண்டு புலிட்சர் பரிசு வாங்கியவர். ஜோன்ஸ் வந்துபோனவர், துராண்டி அங்கேயே இருக்க வேண்டியவர். அப்போது மாஸ்கோவிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு தந்தியும் தணிக்கையாளர் கையைத் தாண்டியாக வேண்டும். பிற்காலத்தில் கார்க்கித் தெருவின் மத்தியத் தந்தி நிலையத்தில் கவுண்டரில் பிரதியைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். தணிக்கையாளர் முகம் தெரியாது. உள்ளே போன தாள் வெட்டுப்பட்டு வரும், சில நாள் வரவே வராது. இந்த முன்தணிக்கை ஒழிந்தது 1961இல்தான். அதன் பிறகும் மாஸ்கோ மையத்திலிருந்து 40 கிலோமீட்டருக்கு அப்பால் போக முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். நிருபர்களின் கார் எண் பலகையில் ‘கே’ எழுத்து இருக்கும், பக்கத்தில் நாட்டுக்கான எண், அமெரிக்காவுக்கு 04. கார் எங்கே நிற்கிறது என்று போலீஸ்காரர் பலகையைப் பார்த்தே குறித்துக்கொள்வார்.

நேரில் கேட்க வழியில்லாததால், வெளியே தெரியும் சிறு குறிப்புகளை வைத்து உள்ளே நடப்பதை ஊகிக்கும் கலை பிறந்தது. அதற்குக் கிரெம்ளினாலஜி என்று பெயர். ‘கிரெம்ளினியல்’ என்று ஒட்டவைப்பதை விட ‘கிரெம்ளின் குறிப்பறிதல்’ பொருத்தம். குறளில் குறிப்பறிதல் என்ற பெயரில் இரண்டு அதிகாரங்களே உண்டே. 1953 ஜூன் 27 மாலை போல்ஷாய் அரங்கில் ‘டிசம்பரிஸ்டுகள்’ ஆபெரா. மறுநாள் கம்யூனிஸ்ட் கட்சி நாளிதழ் ‘பிராவ்தா’ வந்திருந்த தலைவர்களின் பெயர்களை அடுக்கியது; உள்துறை அமைச்சர் லவ்ரெந்தி பெரியாவின் பெயர் இல்லை. அவர் முந்தின நாளே கைதாகியிருந்தார்; அறிவிப்பு வந்ததோ ஜூலை 10. பட்டியலில் இருக்கும் பெயரை எல்லோரும் படிப்பார்கள், இல்லாத பெயரைப் படிப்பதுதான் நிருபர் வேலை.

குறிப்பைச் சரியாகப் பிடித்தாலும் தலைமையகம் நம்ப வேண்டும். 1984 பிப்ரவரி 9 இரவு மாஸ்கோ ஒலிபரப்பில் வழக்கமான நிகழ்ச்சிகள் போய்ச் சோக இசை வந்தது. அமைச்சகக் கட்டடங்களில் அகாலத்தில் விளக்குகள் எரிந்தன. வாஷிங்டன் போஸ்ட் நிருபர் டஸ்கோ டோடர், சோவியத் தலைவர் ஆந்த்ரோபோவ் இறந்திருக்கலாம் என்று எழுதி அனுப்பினார். அமெரிக்க அதிகாரிகள் அதைப் பொருட்படுத்தாததால் செய்தி உள்பக்கத்துக்குப் போனது. மறுநாளே மரணம் அறிவிக்கப்பட்டது.

இன்றைய மாஸ்கோ நிருபருக்குத் தினசரி வேலை வார நாட்களில் கிரெம்ளின் செய்தித் தொடர்பாளர் திமித்ரி பெஸ்கோவ் நடத்தும் தொலைபேசிச் சந்திப்பு. டிசம்பரில் பெரும்பாலும் புதினின் ஆண்டிறுதிச் சந்திப்பு. பல மணி நேரம் ஓடும், கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் பலகை தூக்கிக் காட்டுவார்கள். 2022 மார்ச்சில் குற்றவியல் சட்டத்தில் நுழைந்த 207.3 பிரிவு, ராணுவம் பற்றிய ‘பொய்த் தகவலுக்கு’ 15 ஆண்டு வரை சிறை என்கிறது. எனவே உக்ரைன் போருக்கு ரஷ்ய அரசு வைத்த ‘சிறப்பு ராணுவ நடவடிக்கை’ என்ற பெயர் மாஸ்கோ செய்தியில் வந்தால் அது யாருடைய சொல் என்பதை மேற்கோள் குறி காட்ட வேண்டும். தமிழில் பெயர்ப்பவர்கள் முதலில் உதிர்ப்பது அந்தக் குறியைத்தான்.

மொழிபெயர்ப்பு மேசையில் வழுக்கும் இன்னோர் இடம்: மாஸ்கோவிலும் ஒரு வெள்ளை மாளிகை உண்டு. பிரதமரும் அமைச்சரவையும் இருக்கும் கட்டடம்; 1993இல் டாங்கிகள் சுட்டது இதைத்தான், அப்போது அது நாடாளுமன்றம். மாஸ்கோ செய்தியில் ‘வெள்ளை மாளிகை’ வந்தால் ‘ரஷ்ய அரசு இல்லம்’ என்று போடுங்கள்.

சொல்லுக்கு வருவோம். உள்ளூரில் செய்தி எடுப்பவருக்குச் செய்தியாளர், வேறிடத்தில் தங்கி எழுதுபவருக்கு நிருபர் என்று பிரித்துக்கொண்டால் பழைய தெளிவு திரும்பக் கிடைக்கும். தனித்தமிழ் வேண்டுவோருக்கு அயலகச் செய்தியாளர். மடலாளர் என்பது பொருளில் சரிதான், ஆனால் புழங்க ஆளில்லை. சம்பளப் பட்டியலில் இல்லாமல் செய்திக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் ஸ்ட்ரிங்கரைப் பகுதிநேர நிருபர் என்கிறோம். மாஸ்கோவில் முழுநேரமும் அதையே செய்பவர்கள் இருப்பதால் ‘செய்திவாரி நிருபர்’ பொருந்தும். ‘ரஷ்ய நிருபர்’ மட்டும் வேண்டாம். ரஷ்யாவைப் பற்றி எழுதுபவரா, ரஷ்யரா என்பது தெரியாது. ஊரைச் சொல்லி ‘மாஸ்கோ நிருபர்’ என்றால் குழப்பமில்லை. அவர் வெளியேற்றப்பட்டு பெர்லினிலோ ரீகாவிலோ உட்கார்ந்து எழுதினால், செய்தியின் தலையில் அந்த ஊரின் பெயரையே போட வேண்டும்.