பழைய ஆயில் இன்ஜினைக் காதால் படிப்பது எப்படி?

ஆயுத பூஜை அன்று செம்பியம், பெரம்பூர், திருவொற்றியூர் பட்டறைகளில் மிஷின்களுக்குச் சந்தனம், குங்குமம், மாலை, பொரி எல்லாம் உண்டு. ஓட்டம் மட்டும் கிடையாது. அமெரிக்காவில் அயோவா மாநிலத்து மவுண்ட் பிளசன்ட் ஊரில் இதற்கு நேர்மாறு. 1950 முதல் ஆண்டுதோறும் அங்கே பழைய விவசாய மிஷின் பிரியர்கள் கூடுகிறார்கள். நீராவி இன்ஜின், கதிரடிக்கும் மிஷின், டிராக்டர் என்று எல்லாவற்றையும் கிளப்பிவிட்டு, அந்தச் சத்தத்தின் நடுவிலேயே நாள் முழுக்கக் கிடக்கிறார்கள்.

நம் ஊரில் அப்படி ஒரு கூட்டம் கூட்டினால், இடம் வடசென்னையாகத்தான் இருக்க வேண்டும். டஃபே டிராக்டர்களும் இந்தியா பிஸ்டன்ஸ் கம்பெனியும் செம்பியத்துச் சொத்து. கொஞ்சம் வடக்கே போனால் செங்குன்றத்து அரிசி மில்கள். விஜயதசமிக்கு மிஷின்களை மறுபடி ஓட்டும்போது, மூலையில் கிடக்கும் ஆயில் இன்ஜினையும் ஒரு சுற்று கிளப்பச் சொல்லுங்கள். காதைத் தீட்டிக்கொண்டு நில்லுங்கள்.

அமெரிக்கப் பண்ணைகளில் இருந்த சின்ன பெட்ரோல் இன்ஜின்களின் சத்தம் விசித்திரமானது. 'டப்' என்று ஒரு வெடி. பிறகு உஸ், உஸ், உஸ் என்று வெறும் மூச்சு. மறுபடி ஒரு 'டப்'. கேட்பவர்கள் இன்ஜின் அணையப்போகிறது என்று நினைப்பார்கள். அணையாது, அதன் சுபாவமே அதுதான். ஜான் டியர் கம்பெனி 1923 முதல் 1946 வரை விற்ற ஈ மாடலும் இந்த ஜாதிதான்.

காரணம், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரண்டு இரும்பு எடைகள்தான் அது. வேகம் கூடினால் எடைகள் வெளிப்பக்கம் விரியும். விரிந்ததும் ஒரு கொக்கி போய்ப் புகை வெளியேறும் வால்வைத் திறந்தபடியே பிடித்துக்கொள்ளும். காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வால்வு மெல்லிய ஸ்பிரிங்கில் நிற்பது. பிஸ்டன் உறிஞ்சினால்தான் திறக்கும். புகை வால்வு திறந்து கிடக்கும்போது உறிஞ்சலே இல்லை. ஆகவே பெட்ரோல் வராது, வெடியும் இல்லை. பிஸ்டன் சும்மா ஏறி இறங்கும். வேகம் குறைந்ததும் எடைகள் சுருங்கும், கொக்கி விடும், 'டப்'. பாரம் கொடுத்தால் வெடிகள் நெருங்கும். முழுப் பாரத்தில் உஸ்ஸே இருக்காது. எத்தனை உஸ்ஸுக்கு ஒரு டப் என்று எண்ணினாலே இன்ஜின் எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். இதில் கம்ப்யூட்டர் கிடையாது, சென்சாரும் கிடையாது. எனக்குத் தெரிந்து ஒரு இயந்திரம் இதைவிட வெளிப்படையாக நடந்துகொள்வதில்லை.

வெடி இல்லாத நேரத்தில் சுற்றவைப்பது யார்? ஃப்ளைவீல் என்ற கனமான இரும்புச் சக்கரம். பிஸ்டன் ஏறி இறங்கும் நான்கு ஓட்டங்களில் ஒன்றில்தான் அதற்கு வருமானம். மற்ற மூன்றும் செலவு. நாலு பேர் சாப்பிடும் வீட்டில் ஒருவர் மட்டும் சம்பாதித்தால், கையிருப்பு கொஞ்சம் பலமாக இருக்க வேண்டும் அல்லவா?

எவ்வளவு பலம் என்று கணக்குப் போடலாம். இங்கிலாந்தில் டர்ஸ்லி ஊரின் லிஸ்டர் கம்பெனி 1930 வாக்கில் கொண்டுவந்த சி.எஸ். டீசல் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். அதன் நகல்கள் ராஜ்கோட்டில் ஏராளமாகத் தயாராயின. நிமிடத்துக்கு 650 சுற்றில் 6 குதிரைத்திறன். இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி, ஆக நிமிடத்துக்கு 325. ஒரு வெடிக்கு வெளியே கிடைக்கும் வேலை ஏறக்குறைய 825 ஜூல். இப்போது 100 கிலோ சக்கரம் ஒன்று, எடை முழுவதும் மையத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி விளிம்பில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 650 சுற்றில் அதன் விளிம்பு நொடிக்கு 20 மீட்டர் ஓடும். சேமிப்பு சுமார் 20,800 ஜூல். அதாவது 25 வெடிகளுக்கான கையிருப்பு. ஒரு வெடி தவறினாலும் வேகம் வெறும் 2 சதவீதம்தான் இறங்கும். அதே சேமிப்பு 60 கிலோ ஆளைப் பத்து மாடி உயரத்துக்குத் தூக்கும். ஓடும் சக்கரத்துப் பக்கம் வேட்டியோ துப்பட்டாவோ போகக் கூடாது என்று மெக்கானிக் கத்துவது இதனால்தான்.

டீசல் இன்ஜினைக் கிளப்புவதும் இந்தக் கையிருப்பை வைத்துத்தான். டீசலுக்கு ஸ்பார்க் பிளக் இல்லை. காற்றைப் பதினேழில் ஒரு பங்காக நெருக்கினால் அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதில் தெளிக்கும் டீசல் தானாகவே பற்றிக்கொள்ளும். அந்த நெருக்கத்தை எதிர்த்துக் கையால் ஹேண்டில் சுற்ற முடியாது. அதனால் முதலில் தலையில் உள்ள லிவரைத் தூக்கி வால்வைத் திறந்து வைப்பார்கள். காற்று தப்பிக்கும், சக்கரம் லேசாகச் சுற்றும். வேகம் ஏறியதும் லிவரைப் படக்கென்று விடுவார்கள். கை செய்ய முடியாததைச் சக்கரம் செய்துவிடும். இந்த இன்ஜினின் கவர்னர் வெடியைத் தவறவிடாது, டீசலைத்தான் கூட்டிக் குறைக்கும். ஆகவே பாரம் குறைந்தால் தாளம் மாறாது; வெடியின் அழுத்தம் மட்டும் மெலியும்.

சூட்டைத் தணிக்கும் ஏற்பாடும் எளிமை. பழைய பெட்ரோல் இன்ஜின்களில் சிலிண்டரைச் சுற்றித் திறந்த தொட்டி இருக்கும். தண்ணீர் கொதித்தால் கொதிக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஒரு கிலோ நீர் ஆவியாக 2,260 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கும். தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை அது 100 டிகிரியைத் தாண்டாது. நம் பம்ப்செட்டுகளிலோ இறைத்த தண்ணீரிலேயே ஒரு சின்னக் குழாயைத் திருப்பி இன்ஜினுக்குள் விட்டார்கள்.

சக்கரத்தின் சேமிப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகத்தை இரட்டித்தால் சேமிப்பு நான்கு மடங்கு. ஆகவே வேகமாக ஓடும் இன்ஜினுக்குச் சின்னச் சக்கரமே போதும்; காசிமேட்டு ஃபைபர் போட்டில் தூக்கி வைக்கும் அளவுக்கு இன்ஜின் சுருங்கியது இப்படித்தான். இதற்கு ஒரு விலையும் உண்டு. லிஸ்டரின் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 3 மீட்டர்தான் ஓடுகிறது. 110 மி.மீ. தூரம் ஏறி இறங்கும் பிஸ்டன் 1,500 சுற்றில் ஐந்தரை மீட்டர் ஓடும். பிஸ்டனைச் சுற்றிய ரிங்கும் சிலிண்டரின் உட்சுவரான லைனரும் அந்த அளவுக்குச் சீக்கிரம் தேயும். நடக்கிற மாதிரி ஓடும் பழைய இன்ஜின்கள், ஆயிலை ஒழுங்காக மாற்றினால், இன்றும் ஒரு ஹேண்டிலுக்குக் கிளம்புகின்றன.