ஒருவருக்கு நீரிழிவு, வீட்டுக்கே பழம் நிறுத்தமா?

இந்த வாரமும் ஒரு அம்மா வந்தார். ரத்தத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஏறியிருக்கிறது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், "பழத்தைத் தொடுறதே இல்ல மிஸ், வீட்டுக்கு வாங்குறதையும் நிறுத்திட்டேன்" என்கிறார். கொஞ்சம் விசாரித்த பிறகுதான் மற்றது வருகிறது: காலையில் த்ரீ-இன்-ஒன் காப்பி, நாலு பிஸ்கட், மாலையில் பாக்கெட் ஆரஞ்சு ஜூஸ். "ஜூஸ் பழம்தானே?"

உணவியல் நிபுணராக இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். பழம் இனிக்கிறது, ஆகவே ஆகாது என்று முடிவு கட்டிவிடுகிறோம். இனிக்காத சோறு தட்டு நிறைய விழுகிறது! ஒரு சிறிய ஆப்பிளில் மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) ஏறக்குறைய 15 கிராம். ஒரு கிண்ணம் சோற்றில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். ஆப்பிளில் நார்ச்சத்து இருக்கிறது, மென்று தின்ன நேரமும் ஆகிறது. ஜூஸில் இரண்டும் போய்விடும். ஒரு கிளாஸுக்கு மூன்று, நான்கு ஆரஞ்சு பிழிய வேண்டும். ஒரே மூச்சில் குடித்து முடிக்கிறோம். இங்கே சிங்கப்பூரில் பானங்களுக்குச் சர்க்கரையைப் பார்த்து 'ஏ' முதல் 'டி' வரை போடும் தரக்குறிதான் நியூட்ரி-கிரேடு; சர்க்கரை சேர்க்காத ஜூஸிலேயே அது 'சி' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்ததில்லையா? பழத்திலேயே உள்ள சர்க்கரையும் அந்தக் கணக்கில் வருகிறது.

எனக்கு வருத்தம் அந்த அம்மாவோடு நிற்கவில்லை. சந்தைக்குப் போகிறவர் அவர். அவர் நிறுத்தினால் கணவருக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் பழம் நிற்கிறது.

விலை ஏறிவிட்டது என்பார்கள். உண்மைதான், நாம் தின்னும் பழம் ஏறக்குறைய எல்லாமே இறக்குமதி. ஆனால் கொரியத் திராட்சையும் செர்ரியும்தான் பழமா? தேக்கா சந்தையில் மலேசியப் பப்பாளி, தர்பூசணி, வாழைப்பழம் கிடைக்கிறதே. பிள்ளை கையில் இருக்கும் ஒரு பபிள் டீயின் விலையை அதோடு வைத்துப் பாருங்கள்.

பல வீடுகளில் தடையாக இருப்பது காசல்ல, வெட்ட ஆளில்லை என்பதுதான். முழுப் பப்பாளி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் கிடந்து குழைந்து குப்பைக்குப் போகும். அதையே தோல் சீவி, துண்டு போட்டு, மூடி வைத்த டப்பாவைக் கண் மட்டத்தில் வையுங்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளை நின்றுகொண்டே காலி செய்துவிடும்.

அளவு முக்கியம். சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்வது நாளைக்கு இரண்டு பரிமாறல். ஒரு சிறிய ஆப்பிள் ஒரு பரிமாறல், ஒரு கீற்றுப் பப்பாளியும் ஒரு பரிமாறல், திராட்சை என்றால் பத்துப் பழம் ஒரு பரிமாறல். நீரிழிவு இருந்தால் இரண்டு பரிமாறலையும் ஒரே வேளையில் தின்னாதீர்கள். டுரியான் சீசனில் ஒரு தட்டு முழுக்க வைத்துக்கொண்டு "பழம்தானே" என்று என்னிடம் வராதீர்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கணக்கே வேறு. நட்சத்திரப் பழம் அவர்களுக்கு விஷம், தொடவே கூடாது. வாழைப்பழத்துக்கும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்கள், தயவுசெய்து, பழத்தை நிறுத்துவதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.