மின்னியலில் பிஎச்.டி. சேரும் முன் தலைப்பைத் தட்டிப் பாருங்கள்

மின் மற்றும் மின்னணுப் பொறியியல் ஆய்வேடுகளைப் படித்து மதிப்பிடுவது என் வேலையில் ஒரு பகுதி. சேர வரும் மாணவர்கள் உதவித்தொகை பற்றி விசாரிக்கிறார்கள், எத்தனை வருடம் ஆகும் என்று கேட்கிறார்கள். எடுக்கப் போகும் கேள்விக்கு ஏற்கெனவே விடை இருக்கிறதா என்று மட்டும் பலர் பார்ப்பதில்லை.

மின்பகிர்மான ஆய்வில் பலரும் கையில் எடுப்பது 33 பஸ் சிஸ்டம், அதாவது 33 இணைப்புப் புள்ளிகள் கொண்ட ஒரு மாதிரி மின்வலை. பாரன், வூ இருவரும் 1989-இல் வெளியிட்ட கட்டுரையில் வந்த 12.66 கிலோவோல்ட் வலையமைப்பு அது. அதன் கம்பிகளில் வீணாகும் மின் இழப்பு சுமார் 202.7 கிலோவாட். 7, 9, 14, 32, 37 ஆகிய கிளைகளைத் திறந்து, மற்றவற்றை மூடி வைத்தால் இழப்பு 139.55 கிலோவாட்டுக்கு இறங்கும். வலையமைப்பில் வளையம் உருவாகாதபடி சுவிட்சுகளை மட்டும் மாற்றி அதற்குக் கீழே போக முடியாது. பல வருடங்களாகத் தெரிந்த விடை இது. ஆனாலும் ஓநாய், திமிங்கிலம் என்று ஒரு பெயரில் புது அல்காரிதம் வந்ததும் அதை இதே கணக்கில் ஓட்டி, அதே 139.55-ஐக் காட்டி முடிக்கிறார்கள். அந்த மாணவர் உழைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், இரவு பகலாக உழைத்திருப்பார். ஆனால் வாய்மொழித் தேர்வில் "இதனால் புதிதாக என்ன தெரிந்தது?" என்று கேட்டால் பதில் வராது. அந்த முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். இத்தனைக்கும் அதே சிஸ்டத்தில் நல்ல கேள்விகள் கிடக்கின்றன. சூரிய மின்சாரம் எதிர்த்திசையில் பாயும்போது பழுதைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்க வைக்கும் பாதுகாப்பு ரிலே எங்கே ஏமாறுகிறது? மீட்டர் அளவீடுகளில் பாதி வந்து சேராவிட்டால் மின்னழுத்தக் கணிப்பை எவ்வளவு நம்பலாம்?

சரி, மின்சாரத்தை ஒரு வடிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கன்வெர்ட்டர்களைச் செய்யும் பவர் எலக்ட்ரானிக்ஸ் பக்கம் போனால் சிக்கல் வேறு. சிமுலேஷனில் சுவிட்ச் சொன்னபடி கேட்கும். மிக வேகமான சுவிட்சான சிலிக்கான் கார்பைடு மாஸ்ஃபெட்டை வைத்து போர்டு செய்து பார்த்தால்தான், மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் இண்டக்டன்ஸ் செம்புத் தடங்களில் ஒளிந்திருப்பது தெரியவரும். வெறும் 50 நானோஹென்றிதான். அணைக்கும்போது மின்னோட்டம் நானோ செகண்டுக்கு 2 ஆம்பியர் வேகத்தில் இறங்கினால், சாதனத்தின் மீது 100 வோல்ட் கூடுதலாக ஏறும். அதை அளக்கப் போனால், அளவிடும் முனையான புரோபின் நீளமான கிரவுண்டு வயரே, உண்மையில் இல்லாத அலையை ஆசிலாஸ்கோப்பில் காட்டும். இதையெல்லாம் தொட்டுப் பார்க்காமல் எழுதிய கன்வெர்ட்டர் ஆய்வேட்டை நான் தயக்கத்தோடுதான் படிப்பேன்.

ஆகவே சேரும் முன் அந்த ஆய்வகத்தை ஒருமுறை நேரில் பாருங்கள். போர்டு செய்து அளந்த சீனியர் யாராவது இருக்கிறார்களா? இரு புள்ளிகளுக்கு இடையிலான மின்னழுத்தத்தை அளக்கும் டிஃபரென்ஷியல் புரோப் கைக்குக் கிடைக்குமா? சாதனம் எரிந்துபோனால் புதிது வாங்க எவ்வளவு நாள் ஆகும்? நெறியாளரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் மூன்றாம் வருட மாணவரிடம் தனியாகக் கேளுங்கள்.

அப்புறம், "சில நாளில் வெளியிடுகிறோம், கட்டணம் மட்டும் அனுப்புங்கள்" என்று வரும் மின்னஞ்சல்களை நம்பாதீர்கள். 2023-இல் ஹிந்தாவி பதிப்பகத்தின் இதழ்களில் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அப்படி ஒன்றில் உங்கள் பெயர் இருந்தால் அது காலத்துக்கும் தேடலில் வரும்.

பதிவு செய்யும் முன் இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் துறையில் ஒரு நல்ல கட்டுரையை எடுத்து, அதன் முடிவுகளை நீங்களே வரவைத்துப் பாருங்கள். எந்த எண் ஒத்துவரவில்லை, எந்த அளவைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். நெறியாளரை முதல்முறை பார்க்கும்போது அந்தக் குறிப்போடு போனால், தலைப்பு பற்றிய பேச்சை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.