நூறு சார்ஜரில் எந்தச் சார்ஜரைப் பிரிப்பது?

போன மாதம் ரயில் நிலைய வாசலில் 120 ரூபாய் கொடுத்து ஒரு செல்போன் சார்ஜர் வாங்கினேன். போனுக்காக இல்லை, உடைத்துப் பார்க்க. சுத்தியல்கூடத் தேவைப்படவில்லை. ஓரத்தில் ஸ்க்ரூடிரைவரை நுழைத்து ஒரு நெம்பு நெம்பியதும் கூடு இரண்டாகப் பிளந்துவிட்டது. உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு சர்க்யூட் போர்டு. அதன் ஒரு பக்கம் சுவரிலிருந்து 230 வோல்ட் வருகிறது. மறுபக்கத்திலிருந்து 5 வோல்ட் போனுக்குப் போகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே கோட்டை அகழி மாதிரி, செம்புத் தடமே இல்லாத ஒரு வெற்று இடைவெளி இருந்தாக வேண்டும். சார்ஜர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பயன்பட்டுவரும் ஐ.எஸ். 13252 என்ற இந்தியத் தரத்தின்படி, வழக்கமான சூழலில் இந்த இடைவெளி ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். ஓரிடத்தில் 2 மில்லிமீட்டர்கூட இல்லை.

அகழியைத் தாண்டி ஒரு பாலமும் உண்டு. ஒய் கெபாசிட்டர் என்பார்கள், பெரும்பாலும் நீல நிறத்தில் வட்டமாக இருக்கும். மின் இரைச்சலை அடக்குவது இதன் வேலை. சார்ஜில் போட்ட போனின் உலோக விளிம்பைத் தொட்டால் சில சமயம் 'சுர்ர்' என்று லேசாக உறுத்துமே, அது இந்தப் பாலத்தின் வழியாகக் கசியும் மின்சாரம்தான். நல்ல சார்ஜரிலும் அது இருக்கும், 0.25 மில்லியாம்பியரைத் தாண்டக் கூடாது என்று வரம்பு உண்டு, அந்த அளவு உடம்பை ஒன்றும் செய்யாது. முறையான ஒய் கெபாசிட்டரின் சிறப்பு வேறு: அது பழுதானால் பாலம் அறுந்துபோகும்படி வடிவமைத்திருப்பார்கள். என் சார்ஜரில் இருந்ததோ பாதுகாப்பு முத்திரை எதுவும் இல்லாத சாதாரண செராமிக் கெபாசிட்டர். விலை குறைவு, வேலையும் செய்யும். பழுதாகும்போது மட்டும் பாலம் அறுவதற்குப் பதிலாக உள்ளேயே ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டிக்கொண்டால் சுவரில் உள்ள 230 வோல்ட் நேராக உங்கள் கைக்கு வரும்.

சரி, ஒன்றை உடைத்தாயிற்று. கடைகளில் இருக்கும் மற்றவற்றை யார் உடைப்பது? ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2024இல் மட்டும் 150 யூரோவுக்குக் குறைந்த மதிப்புள்ள பார்சல்கள் ஏறத்தாழ 460 கோடி வந்தன. ஒரு நாளைக்கு 1.2 கோடி. எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கும் சோதனைச்சாலை உலகத்தில் எங்கும் கிடையாது. ஆகவே விற்பனைக்கு வரும் பொருள்கள் பாதுகாப்பானவையா என்று பார்க்கும் சந்தைக் கண்காணிப்பு அதிகாரியின் முன்னால் இருப்பது ஒரே கேள்விதான்: முதலில் எதைப் பிரிப்பது? இதற்கு விடை தேடும் கணக்குக்குப் பெயர் இடர் மதிப்பீடு.

ஆபத்தும் இடரும் ஒன்றில்லை. கிணறு ஓர் ஆபத்து. அது பூட்டிய தோட்டத்துக்குள் இருந்தால் இடர் குறைவு. கைப்பிடிச் சுவர் இல்லாமல் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் இடர் அதிகம். கிணற்றின் ஆழம் இரண்டிலும் ஒன்றுதான்.

ஐரோப்பியர்கள் இதை ஓர் அட்டவணையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆபத்தான பொருள்கள் பற்றி உறுப்பு நாடுகள் ஒன்றுக்கொன்று எச்சரிக்கை அனுப்பும் ராபெக்ஸ் முறைக்கான (இப்போது அதன் பெயர் சேஃப்டி கேட்) வழிகாட்டியில் அது இருக்கிறது. ஒரு பக்கம் காயத்தின் கடுமை, நான்கு படிகள்: வீட்டிலேயே மருந்து போட்டால் போதும் என்பது முதல் படி, அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டியது இரண்டு, மருத்துவமனையில் படுக்க வேண்டியது மூன்று, உயிர்போவது அல்லது உறுப்பை இழப்பது நான்கு. மறுபக்கம் அந்தக் காயம் நேர்வதற்கான வாய்ப்பு, இரண்டில் ஒன்றிலிருந்து பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே வரை. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் தாழ்வு, நடுத்தரம், உயர்வு, தீவிரம் என்று நான்கில் ஒரு விடை இருக்கும்.

வாய்ப்பை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில்தான் சுவாரசியம். விபத்தை ஒரு கதையாக எழுது, கதையை வரிவரியாக உடை, ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண் போடு, எல்லாவற்றையும் பெருக்கு என்கிறது வழிகாட்டி. என் சார்ஜருக்கு எழுதிப் பார்த்தேன். கெபாசிட்டர் பழுதாகி ஒட்டிக்கொள்ளும்: 100இல் 1. அந்த நேரத்தில் ஒருவர் சார்ஜில் இருக்கும் போனின் உலோகப் பாகத்தைத் தொடுவார்: 2இல் 1, சார்ஜ் போட்டுக்கொண்டே பேசாதவர் யார்? வெறுங்காலுடன் ஈரத்தரையில் நிற்பார்: 10இல் 1. வீட்டில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி இல்லை அல்லது வேலை செய்யவில்லை: 2இல் 1. உடம்பில் பாயும் மின்சாரம் உயிரைப் பறிக்கும்: 20இல் 1. பெருக்கினால் 80,000இல் 1. இந்த எண்கள் நான் உத்தேசமாகப் போட்டவை, ஆய்வில் வந்தவை இல்லை. ஆனாலும் அட்டவணையில் வைத்தால் உயிரிழப்புக் கட்டத்தில், லட்சத்தில் ஒன்றுக்கு மேல் என்ற வரிசையில், விடை 'உயர்வு'.

இப்போது முதல் எண்ணை மட்டும் மாற்றுங்கள். கெபாசிட்டர் பழுதாகும் வாய்ப்பு 100இல் 1 இல்லை, 10இல் 1 என்று வையுங்கள். 8,000இல் 1. விடை 'தீவிரம்' ஆகிவிடுகிறது. ஒரே ஓர் ஊகம் விடையை எவ்வளவு ஆட்டுகிறது என்று இப்படி அசைத்துப் பார்ப்பதும் அந்த வழிகாட்டி சொல்லும் வேலைகளில் ஒன்று. ஆட்டம் பெரிதாக இருந்தால் அந்த எண்ணைத்தான் முதலில் சோதனைச்சாலையில் கண்டுபிடிக்க வேண்டும் என்று பொருள்.

எண்ணைப் போடும்போது காலத்தை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. வாய்ப்பு என்பது பொருளின் முழு ஆயுளுக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டியது. சாம்சங் கேலக்ஸி நோட் 7 போன் 2016 ஆகஸ்ட் 19இல் விற்பனைக்கு வந்தது. செப்டம்பர் 2இல் நிறுவனம் திரும்பப் பெறப்போவதாக அறிவித்தபோது பேட்டரி எரிந்ததாக வந்த புகார்கள் 35. திரும்பப் பெற வேண்டிய போன்கள் ஏறத்தாழ 25 லட்சம். வகுத்தால் 71,000இல் 1. 'இதுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?' என்று தோன்றும். ஆனால் அது இரண்டே வாரக் கணக்கு. ஒரு போனை இரண்டு வருடம் வைத்திருப்போம் என்றால் அதில் 52 இரண்டு வாரங்கள் இருக்கின்றன. பழுது அதே வேகத்தில் தொடர்ந்தால் வாய்ப்பு 1,400இல் 1 அளவுக்கு வந்துவிடும். அட்டவணையில் ஒரு வரிசை மேலே. பேட்டரியின் உள்ளே மூலையில் மின்முனை வளைந்து நெருக்கப்பட்டதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. மாற்றாக வேறு நிறுவனத்திடம் வாங்கிய பேட்டரியில் வெல்டிங் செய்த இடத்தில் பிசிறு. அதுவும் எரிந்தது.

இதுவரை பார்த்தது ஒரு பொருளால் ஒரு மனிதருக்கு வரும் இடர். எத்தனை பொருள் விற்றிருக்கிறது என்பது அட்டவணையில் வராது. அதை அதிகாரி தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 80,000இல் 1 என்ற இடர் உள்ள சார்ஜர் ஒரு கோடி விற்றிருந்தால் 125 உயிர். அதே இடர் உள்ள ஆய்வகக் கருவி 500 விற்றிருந்தால், பெரும்பாலும் ஒன்றுமே நடக்காது. மலிவான, எல்லார் வீட்டிலும் இருக்கும், இரவெல்லாம் சொருகியே கிடக்கும் சாமான்கள் பட்டியலின் தலையில் வந்து உட்கார்வதற்கு இதுதான் காரணம்.

அடுத்து, விற்பவர் யார்? ஐரோப்பாவின் 2019/1020 எண் கொண்ட சந்தைக் கண்காணிப்புச் சட்டம் இதைப் பதினொன்றாம் பிரிவில் சொல்கிறது: பொருளின் ஆபத்தோடு, விற்பவரின் கட்டுப்பாட்டில் உள்ள வேலைகள், அவர் முன்பு மாட்டிய வரலாறு, சுங்கத்துறையின் கணிப்பு, நுகர்வோர் புகார் எல்லாவற்றையும் பார்த்து எதைச் சோதிப்பது என்று முடிவு செய். நடைமுறையில் இது ஒரு மதிப்பெண் பட்டியலாகிவிடும். ஏற்கெனவே இரண்டு முறை தவறியவரின் சரக்கு மேலே ஏறும். சுத்தமான வரலாறு உள்ளவர் கீழே போவார்.

இந்தியாவில் 2012இல் வந்த கட்டாயப் பதிவு ஆணை 15 வகை மின்னணுப் பொருள்களோடு தொடங்கியது; பிறகு பட்டியல் நீண்டுகொண்டே போனது. தயாரிப்பாளர் மாதிரியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், தேறினால் பி.ஐ.எஸ். எனும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 'ஆர்' என்று தொடங்கும் ஒரு பதிவு எண் கொடுக்கும். தரத்துக்குப் பொருந்துகிறது என்று தயாரிப்பாளரே உறுதிகூறும் முறை இது. இதில் உள்ள ஓட்டை வியாபாரிகள் எல்லாருக்கும் தெரியும். ஆய்வகத்துக்குப் போன மாதிரியில் நல்ல ஒய் கெபாசிட்டர் இருக்கும். ஆறு மாதம் கழித்துக் கடைக்கு வரும் சரக்கில் இருக்குமா என்பது கடையில் வாங்கிப் பிரித்தால்தான் தெரியும். மாதிரியை நம்புவதைவிடக் கடைச்சரக்கை வாங்கிச் சோதிப்பதற்குக் கூடுதல் பணம் ஒதுக்கலாம் என்பது என் கட்சி.

முழுச் சோதனை நாள்கணக்கில் இழுக்கும், செலவும் ஆகும். அதனால் சல்லடையை இரண்டாகப் பிரிப்பார்கள். முதலில் கண்ணாலேயே பார்க்கும் சோதனை: முத்திரை, எண், எடை, ஊசிகளின் நீளம். எடை ஏன் என்றால், உள்ளே பாகங்கள் குறைந்தால் சார்ஜர் இலேசாகிவிடும். இதில் சந்தேகம் வந்தவை மட்டும் ஆய்வகத்துக்குப் போகும். அங்கே அகழியின் இரண்டு கரைக்கும் நடுவே 3,000 வோல்ட் கொடுத்து ஒரு நிமிடம் வைத்திருப்பார்கள். நல்ல சார்ஜர் அசையாது. மோசமானதில் 'பட்' என்று ஒரு சத்தம், ஒரு தீப்பொறி.

2016இல் பொருள்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் அமெரிக்காவின் யூ.எல். நிறுவனம் போலி ஆப்பிள் சார்ஜர்கள் 400ஐ இப்படிச் சோதித்ததில் 397 தோற்றன. 12 சார்ஜர்கள் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மோசம். இந்தச் செய்தியைப் படித்துவிட்டு 'சந்தையில் 99 சதவீதச் சார்ஜர் போலி' என்று பலர் எழுதினால் அது தப்பு. போலி என்று தெரிந்தவற்றைத்தான் சோதித்தார்கள். சந்தேகப்பட்ட இடத்தில் மட்டும் தேடிவிட்டு அந்தக் கணக்கை ஊருக்கே பொதுவாக்க முடியாது.

இதே கோளாறு அதிகாரியையும் பிடிக்கும். மதிப்பெண் அதிகமுள்ள இடத்தில் தேடுகிறார், அங்கே மாட்டுகிறது, அதனால் அந்த இடத்தின் மதிப்பெண் இன்னும் ஏறுகிறது. தேடாத இடத்தில் என்ன நடக்கிறது என்று தெரியவே வழியில்லை. 2015 கடைசியில் அமெரிக்காவில் ஹோவர்போர்டு என்ற இருசக்கர மிதிபலகைகள் எரியத் தொடங்கியபோது எந்தப் பட்டியலிலும் அவற்றுக்குப் பழைய வரலாறு கிடையாது, பொருளே புதிது. அடுத்த ஜூலையில் 5 லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதனால்தான் சோதனைகளில் ஒரு பங்கை எந்த மதிப்பெண்ணும் பார்க்காமல் குலுக்கல் முறையில் எடுக்கச் சொல்கிறார்கள் புள்ளியியல்காரர்கள். அந்தப் பங்கில் பெரும்பாலும் ஒன்றும் மாட்டாது; மேலதிகாரிக்கு அது வீண்செலவாகத் தெரியும்.

விபத்துத் தகவல் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். அமெரிக்காவில் ஏறத்தாழ 100 மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில், காயம் எந்தப் பொருளால் வந்தது என்று குறித்துவைத்து ஆண்டு முழுவதும் அனுப்புகிறார்கள். நம் தேசியக் குற்ற ஆவணப் பணியகத்தின் அறிக்கையில் 'மின்சாரம் தாக்கி இறப்பு' என்று ஒரு தலைப்பு இருக்கிறது. அறுந்து விழுந்த மின்கம்பியும் 120 ரூபாய்ச் சார்ஜரும் அந்த ஒரே தலைப்புக்குள் அடங்கிவிடும்.

என் சார்ஜரின் முதுகிலும் ஓர் 'ஆர்' எண் அச்சாகியிருந்தது. பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டிப் பார்த்தேன். எட்டு இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஏழுதான் இருந்தது. செயலி அதை ஏற்கவில்லை. அதே செயலியில் புகார் கொடுக்கும் இடமும் இருக்கிறது. அகழியின் மேல் ஸ்கேலை வைத்து எடுத்த படத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். யாரோ ஒருவருடைய பட்டியலில் அந்தச் சரக்கின் மதிப்பெண் ஒன்றாவது ஏறியிருக்கும் என்று நினைக்கிறேன்.